பழைய சரக்கும் பழுதான சரக்கும்



"பழைய அரிசிதானே?" என்று கேட்காத வாடிக்கையாளர் உண்டா? அரிசி பழையதாக இருந்தால் சோறு உதிரியாக வரும், புளி பழையதாக இருந்தால் நிறமும் சாரமும் கூடும் என்பது நம் தொழிலின் பாலபாடம். ஆனால் எந்தச் சரக்கு பழகும், எந்தச் சரக்கு பாழாகும் என்று பிரித்தறிவதில்தான் வியாபாரியின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. இந்தப் பாடத்தை வயதான காலத்தில் நமக்கு மீண்டும் ஒருமுறை கற்றுக்கொடுத்த ஊர் பிரான்சு நாட்டின் போர்தோ. கற்றுக்கொடுத்த சரக்கு அங்கு விளையும் சிவப்பு ஒயின்.

ஒயின் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். நமக்குக் குடிப்பழக்கம் கிடையாது. குடியைப் புகழவும் இதை எழுதவில்லை. ஒரு சரக்கை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பாதுகாப்பது, எப்படிப் பெயர் கெடாமல் விற்பது என்பதற்காகவே எழுதுகிறோம்.

2018-ல் பிரான்சில் குடியேறியுள்ள எங்கள் மைத்துனர் மகனைப் பார்க்கப் போயிருந்தோம். "மாமா, நீங்கள் மண்டிக்காரர். இங்கே ஒரு பெரிய மண்டி இருக்கிறது, பார்க்காமல் போகக்கூடாது" என்று போர்தோவுக்கு அழைத்துச் சென்றார். அவருக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தரகர் ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார்.

அங்கும் நம் ஊர் முறைதான். தோட்டக்காரர் ஒருவர், மொத்த வியாபாரி ஒருவர், நடுவில் தரகர் ஒருவர். தரகு 2 சதவீதம். பீப்பாய் ஒன்று 225 லிட்டர். அதில் 300 பாட்டில் வரும். நான்கு பீப்பாய் சேர்ந்தால் ஒரு 'தொன்னோ', அதாவது 900 லிட்டர். மொத்த விலை பேசுவது பழைய நாளிலிருந்து இந்தத் தொன்னோ கணக்கில்தான். 1855-ல் பாரிஸ் பொருட்காட்சிக்காகத் தரவரிசை கேட்டபோது, பட்டியல் போட்டுக் கொடுத்தவர்கள் தரகர்கள்தான். ஒவ்வொரு தோட்டத்துச் சரக்கும் சந்தையில் என்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்தது என்ற கணக்கை வைத்தே ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் நிற்கிறது. முதல் வகுப்பில் அன்று இருந்தவை லாஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கு. 1973-ல் மூத்தோன் சேர்ந்து ஐந்தாயிற்று. சந்தையில் பல காலம் நின்ற விலையைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை என்பதற்கு இதைக் காட்டிலும் உதாரணம் வேண்டாம்.

தரகர் எங்கள் முன் நான்கு கிளாஸ் வைத்தார். நான்கும் மெடோக் பகுதியில் ஒரே தோட்டத்துச் சரக்கு. ஆண்டுகள் மட்டும் வேறு. பாட்டில்களைத் துணியால் மூடியிருந்தார். அடியில் மண்டி தங்குவதற்காக முதல் நாளே அவற்றை நிமிர்த்தி வைத்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கழுத்தைப் பார்த்தபடி மெல்லத் தெளித்து இறுத்திருந்தார். நம் வீட்டில் புளிக்கரைசலைத் தெளிய வைத்து இறுப்பது போலத்தான். வெள்ளைத் துணி மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பார்க்கச் சொன்னார். இளம் ஒயின் நாவற்பழ நிறம். வயதாக ஆக விளிம்பு செங்கல் நிறத்துக்கு மாறும். தொழில்காரர்கள் ருசி பார்த்துத் துப்பிவிடுவதே அங்கு வழக்கம். நாமும் அப்படியே செய்தோம்.

விளிம்பு அதிகமாகச் செங்கல் நிறம் கண்ட கிளாஸைக் காட்டி, "இதுதான் மிகப் பழையது, இதுதான் உயர்ந்த சரக்கு" என்று அனுபவஸ்தர் போலச் சொன்னோம். தரகர் சிரித்துவிட்டு, "முதல் பாதி சரி. ருசித்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். ருசித்தோம். கொட்டைப்பாக்கை மென்றது போல் துவர்ப்பு மட்டும் நாக்கில் நின்றது. பழத்தின் வாசனை போன இடம் தெரியவில்லை. அது 1975. அந்த ஆண்டு திராட்சைத் தோல் தடித்து, துவர்ப்பு மிக அதிகம். வைத்திருந்தால் துவர்ப்பு அடங்கும் என்று பலரும் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். பல தோட்டங்களில் துவர்ப்பு அடங்குவதற்கு முன் பழம் அடங்கிவிட்டது.

அடுத்தது 1985. அதுவும் விளிம்பில் சிவந்துதான் இருந்தது. ஆனால் வாயில் பட்டது பட்டு போல இருந்தது. தேவதாரு மரப்பெட்டி, புகையிலை, மழை பெய்த மண் என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசனை வந்தது. அடியில் பழத்தின் இனிமை இன்னும் இருந்தது. மூன்றாவது 1990. கடும் வெயில் ஆண்டு. சதைப்பற்றுள்ள கனிந்த பழம் போல வாய் நிறைந்தது. நான்காவது 1996. கபர்னே சோவிஞ்ஞோன் என்ற திராட்சை மெடோக்கில் நன்றாகப் பழுத்த ஆண்டு. நிமிர்ந்து நிற்கும் ருசி. இன்னும் சில ஆண்டு தாங்கும் என்றார் தரகர். ஒரே தோட்டம், ஒரே மண். ஆனாலும் நான்கும் நான்கு பிள்ளைகள் போல வேறு வேறு குணம். நம் மனதுக்குப் பிடித்தது 1985.

காரணம் கேட்டோம். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புதான் ஒயினுக்கு முதுகெலும்பு. காலம் போகப் போக அது திரண்டு அடியில் படிகிறது, ருசி மென்மையாகிறது. பழச்சாரமும் புளிப்பும் துவர்ப்பும் ஆரம்பத்திலேயே சரியாக இருந்தால்தான் வயது அழகு தரும். குறையாகப் பிறந்த சரக்கை வயது திருத்தாது; குறையைப் பெரிதாக்கிக் காட்டும். போர்தோவில் விளைவதிலேயே பெரும்பகுதி சில ஆண்டுகளில் குடித்து முடிக்க வேண்டிய சாதாரணச் சரக்குதான். நாற்பது ஆண்டு தாங்குவது கொஞ்சமே. அதையும் இருட்டில், 12, 13 டிகிரி குளிர்ச்சியில், தக்கை காயாதபடி படுக்கவைத்துக் காக்க வேண்டும். குடோன் சரியில்லாவிட்டால் உயர்ந்த ஆண்டும் வீண்.

இனி வியாபார விஷயத்துக்கு வருவோம். அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், சரக்கு பீப்பாயில் இருக்கும்போதே விலை பேசிப் பணம் வாங்கிவிடுவார்கள். பாட்டில் கைக்கு வர ஏறத்தாழ இரண்டு ஆண்டு ஆகும். இந்த முறையில் தோட்டக்காரருக்கு முதல் புரளும். வாங்குகிறவர் தலையில் ஊகம் விழும். 1972-ல் திராட்சை சரியாகப் பழுக்கவில்லை. ஆனாலும் ஊகவணிகம் சூடு பிடித்திருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார்கள். 1973 இறுதியில் பெட்ரோல் விலை ஏறி உலகச் சந்தை சரிந்தபோது குடோன் நிறையச் சரக்கு, வாங்க ஆளில்லை. 2009, 2010 இரண்டும் உயர்ந்த விளைச்சல்தான். ஆனால் சீனத்து வாடிக்கையை நம்பி விலையை உச்சாணிக்கு ஏற்றினார்கள். அந்த விலைக்கு முன்பணம் கொடுத்த பலர், பெயர் பெற்ற சரக்கிலேயே நஷ்டப்பட்டார்கள். நல்ல சரக்கும் தப்பு விலைக்கு வாங்கினால் தப்புச் சரக்குதான். 2012-ல் லத்தூர் தோட்டம் இந்த முன்விற்பனையையே விட்டுவிடுவதாக அறிவித்தது. பழகிய பின் தன் குடோனிலிருந்தே விற்பது அதன் வழி. கையில் முதல் உள்ளவருக்கு அது முடியும், எல்லோருக்கும் முடியாது.

பழமைக்கு விலை உண்டு என்றால் போலியும் வரத்தான் செய்யும். 2012-ல் அமெரிக்காவில் கைதான ருடி குர்னியவான் என்பவர், புதிய ஒயின்களைக் கலந்து பழைய பெயர்ச்சீட்டு ஒட்டிப் பெரும் பணக்காரர்களுக்கே விற்றவர். 2014-ல் அவருக்கு 10 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஏமாந்தவர்கள் பலர் நாக்கை நம்பாமல் சீட்டை நம்பியவர்கள்.

இதைப் படித்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை உண்டா? பல ஆண்டுகளுக்கு முன் ஒரு தட்டுப்பாட்டுக் காலத்தில், பழைய அரிசியில் மூட்டைக்குக் கால் பங்கு புது அரிசி கலந்து 'பழைய அரிசி' என்றே அனுப்பினோம். எல்லோரும் செய்வதுதானே என்று நினைத்தோம். எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து வாங்கிவந்த ஓட்டல்காரர் ஒருவர், குழைந்த சோற்றை ஒரு தூக்கில் போட்டுக்கொண்டு வந்து கல்லா மேல் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்ப வரவும் இல்லை. அந்த லோடில் கிடைத்த லாபம் எவ்வளவு என்பது இன்று நினைவில்லை. அந்தத் தூக்கு நினைவிருக்கிறது.

ஐரோப்பாவில் பாட்டிலில் ஓர் ஆண்டைப் போட்டால், குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டின் திராட்சையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் சில்லறைக் கடையில் அந்த அளவுக்குப் போக வேண்டாம். அரிசியோ புளியோ, எந்த அறுவடை, எந்த மாதம் குடோனுக்கு வந்தது என்று ஒரு சீட்டு எழுதிச் சாக்கில் செருகினால் போதும். மொத்த வியாபாரிகளாகிய நாம் முதலில் எழுதிக் கொடுத்தால்தான் சில்லறைக்காரர் துணிந்து வாடிக்கையாளரிடம் சொல்ல முடியும். கலந்தால் கலந்தது என்று சொல்லி, அதற்குத் தக்க விலை போடுவோம். பழகாத சரக்கைப் பழையது என்று தேக்கி வைத்து முதலை முடக்குவதையும் விடுவோம்.

எங்கள் மண்டியில் வரும் தை மாதம் முதல் மூட்டைக்கு மூட்டை சீட்டு வைப்பதாக முடிவு செய்திருக்கிறோம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மற்றவர்களும் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.