அபராதம் செலுத்துவதா, வழக்காடுவதா?

நெடுஞ்சாலைகளிலும் நகரத்து வீதிகளிலும் இக்காலத்தில் காவலர் நில்லாத இடத்தும் காவல் நிற்கிறது. கம்பத்தின்மேல் அமைந்த காமிரா, ஓடும் வண்டியின் வேகத்தை அளந்து, எண்பலகையைப் படம் பிடித்துக் கொடுக்கின்றது. அபராதச் சீட்டு வண்டிக்குரியவரின் கைத்தொலைபேசியைத் தேடி வருகின்றது. அதனைக் கண்டவுடன் வீட்டில் எழும் வினா ஒன்றே: பணத்தைக் கட்டி முடிப்பதா, நீதிமன்றம் ஏறி வழக்காடுவதா?

இவ்வினாவுக்கு உலகத்தார் கூறும் விடைகள் பெரும்பாலும் இரண்டு. "ஆயிரம் ரூபாய்க்காக ஒரு நாளைக் கெடுத்துக்கொள்வார் உண்டோ? கட்டித் தொலைத்துவிடு" என்பது ஒன்று. "எதிர்த்து நின்றால் சாட்சி சொல்ல எவரும் வாரார், எளிதில் தப்பலாம்" என்பது மற்றொன்று. இவை தம்முள் மாறுபட்டவை போலத் தோன்றினும் இரண்டும் பணக்கணக்கே. உண்மையில் நடந்தது யாது என்னும் கேள்விக்கு இரண்டிலும் இடமில்லை. அக்கேள்வியே முதலில் நிற்கவேண்டும் என்பது நமது கருத்து.

சட்டம் கூறுவதை முதற்கண் அறிவோமாக. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு வேக வரம்பைக் கடத்தலாகாது என்கிறது. 183-ஆம் பிரிவு கடந்தவர்க்குத் தண்டம் விதிக்கிறது. 2019-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம் இத்தண்டத்தை இலகு வாகனங்களுக்கு 1,000 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரையிலும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 ரூபாய் முதல் 4,000 ரூபாய் வரையிலும் உயர்த்திற்று. மீண்டும் குற்றம் புரிவாரது ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றவும் வழி செய்தது.

இத்துணைக் கடுமை காட்டும் 183-ஆம் பிரிவே குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு ஒரு காப்பும் அளித்துள்ளது. வண்டி வரம்பு மீறி ஓடியதாகத் தமக்குத் தோன்றிற்று என்று ஒரே சாட்சி கூறுவதைக் கொண்டு மட்டும் எவரையும் தண்டித்தல் ஆகாது. அம்மதிப்பு இயந்திரக் கருவியாலோ மின்னணுக் கருவியாலோ பெறப்பட்டது என்று காட்டப்படல் வேண்டும். கருவிகள் தோன்றாத நாளில் நிலைமை வேறு. இங்கிலாந்தில் கெண்ட் கோட்டத்தில், 1896-ஆம் ஆண்டு, வால்டர் ஆர்னால்டு என்பார் மணிக்கு 2 மைல் வரம்புள்ள தெருவில் 8 மைல் வேகத்தில் மோட்டார் வண்டி செலுத்தினார். காவலர் ஒருவர் மிதிவண்டியில் துரத்திச் சென்று அவரைப் பிடித்தார். வேகத்திற்காக அவர் செலுத்திய அபராதம் ஒரு ஷில்லிங்.

நம் காலத்து ராடார் கருவி, ஓடும் பொருளின்மேற் பட்டு மீளும் அலையின் அதிர்வெண் மாறுவதைக்கொண்டு வேகத்தைக் கணிக்கிறது. ஆஸ்திரிய அறிஞர் டாப்ளர் 1842-இல் வெளியிட்ட இத்தத்துவத்தை நம் மாணவர் பௌதிக வகுப்பிற் பயில்கின்றனர். சாலையோரத்தில் நிலையாக நிற்கும் கருவி வண்டியைச் சாய்ந்த கோணத்தில் நோக்கினால், உண்மை வேகத்தினும் குறைந்த அளவையே காட்டும். ஆதலின் கருவி கோணலாக இருந்தது என்னும் வாதம் ஓட்டியவர்க்குப் பயன்படாது. எனினும் கருவிக்குப் பிழையே நேராது என்று கூறுவதும் பொருந்தாது. பல வண்டிகள் நெருங்கி ஓடும்போது ஒன்றன் வேகம் மற்றொன்றின்மேல் ஏற்றப்படலாம். புழுதி படிந்த பலகையில் ஓரெழுத்து வேறெழுத்தாகப் படிக்கப்படலாம். அயலான் ஒருவன் நம் எண்ணையே தன் வண்டியிற் போலியாகப் பொறித்திருத்தலும் கூடும். 2021-இல் வகுக்கப்பட்ட மத்திய விதி, கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்புதற் சான்று வேண்டும் என்றும், கண்காணிக்கப்படும் சாலையில் எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்றும், தெளிவான படம், அளந்த வேகம், நாள், நேரம், இடம் ஆகியவை சீட்டிற் காட்டப்படவேண்டும் என்றும் கூறிற்று.

ஆதலின், சீட்டு வந்தவுடன் பணப்பையைத் திறவாது, சண்டைக்கும் எழாது, அதனை ஊன்றிப் படித்தல் நம் கடன். படத்தில் உள்ளது நம் வண்டியா? அந்நேரத்தில் அவ்விடத்தில் நாம் இருந்தோமா? அளந்த வேகம் குறிக்கப்பட்டுள்ளதா? இவற்றை ஆராய்ந்து, நாம் குற்றம் புரியவில்லை என்று உள்ளம் துணிந்தால், வழக்காடுவதே நேர்மை. செய்யாத குற்றத்திற்குப் பணம் கட்டுவது, பொய்யொன்றின் அடியில் நாம் இடும் கையொப்பமாகும். அன்றியும், நம்மிடத்துக் கண்ட பிழை திருத்தம் பெறாவிடின் நாளை அது வேறொருவரைப் பற்றும். அவர் ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவராகவோ, விடியலில் மீன்கூடை ஏற்றிச் செல்பவராகவோ இருக்கலாம். ஒரு நாட்கூலியை இழந்து நீதிமன்ற வாயிலில் நிற்க அவரால் இயலாது. அவர் கட்டிவிட்டுப் போனால் நாம் குறைகூறோம். எழுதவும் பேசவும் கற்ற நாம் அவ்வாறு போவதே குறை.

இனி, நாம் வரம்பைக் கடந்தது உண்மையாயின் செய்யத்தக்கது யாது? சாலை வெறுமையாயிருந்தது, எல்லாரும் அவ்வாறே சென்றனர், தேர்வுக்கு நேரமாயிற்று என்பன காரணங்களாகலாம், மறுப்புகள் ஆகா. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 22 மீட்டர் கடக்கும். வேகம் மூன்றிலொரு பங்கே மிகுந்தது. வண்டியின் இயக்க ஆற்றலோ முக்காற் பங்குக்கு மேல் மிகுகிறது. குறுக்கே வரும் பள்ளிப் பிள்ளைக்கு நம் அவசரத்தின் காரணம் தெரியாது.

"அரசே குற்றத்தை மெய்ப்பிக்கட்டும்; கருவியின் சான்று காலங்கடந்ததாயின் நான் ஏன் செலுத்தவேண்டும்?" என்று சட்டம் பயின்ற நண்பர் கேட்பர். இக்கேள்வி அற்பமானதன்று. மெய்ப்பிக்கும் சுமை அரசினதே. சான்று கேட்பது பொய்யாகாது; கருவிகளை ஒழுங்காக வைக்குமாறு அதிகாரிகளை வற்புறுத்துவது பொதுநன்மையும் ஆம். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும், "வேகமாகச் செல்லவில்லை" என்று அறிந்தே நாவாற் பொய் கூறுவது வேறு. சான்றின் குறையால் விடுதலை பெற்றவர் தம்மைக் குற்றமற்றவர் என்று எண்ணிவிட்டால், அவ்வெற்றியே அவரை மறுநாளும் அதே வேகத்திற் செலுத்தும். அறிந்து வரம்பு கடந்தவர் அபராதத்தைக் கட்டிவிடுவதே தக்கது. கருவியிற் குறை கண்டாராயின் அதனைத் தனியே அதிகாரிகளுக்கு எழுதட்டும்.

நம் மாணவர்க்குச் சிறப்பாக உரிய விஷயம் ஒன்றுண்டு. பல வீடுகளில் வண்டி தந்தையார் பெயரில் இருக்கும். ஓட்டியவர் மகனாகவோ மகளாகவோ இருப்பர். சீட்டு தந்தையார்க்கே வரும். ஓட்டியவர் யார் என்று அதிகாரி கேட்பின் உடையவர் தெரிவித்தல் வேண்டும் என்பது சட்டத்தின் 133-ஆம் பிரிவு. அதிகாரி கேட்கும் வரையிற் காத்திராது, "அப்பா, அன்று வண்டியை எடுத்துச் சென்றது நான்தான்" என்று முன்வந்து கூறுவது பிள்ளையின் கடமை. தந்தையார் அன்பினால் அபராதத்தைத் தாமே செலுத்திவிடக் கூடும். அதனைத் தம் கைச்செலவுப் பணத்திலிருந்து சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கும் மாணவர் அடுத்த முறை வண்டியை முடுக்குமுன் எண்ணிப் பார்ப்பார்.

வழக்காடத் துணிந்தவர் அதனை முறையாகச் செய்தல் வேண்டும். சீட்டிற் குறித்த தவணைக்குள் மறுப்பைத் தெரிவிக்கவேண்டும். படத்தையும் கருவியின் பதிவையும் கேட்டுப் பெறவேண்டும். அந்நேரத்தில் வேறிடத்தில் இருந்தமைக்குக் கல்லூரி வருகைப் பதிவேடு, சுங்கச்சாவடி ரசீது, பெட்ரோல் ரசீது முதலியன இருப்பின் சேர்த்து வைக்கவேண்டும். நடுவர் முன்னிலையில் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே சுருக்கமாகச் சொல்லவேண்டும். பெரிய மனிதரின் சிபாரிசை நாடுதல் கூடாது. செலுத்தாமலும் மறுக்காமலும் சீட்டை மறந்துவிடுவாரும் உளர். உண்மையை ஒப்புக்கொள்ளும் துணிவும் அதற்காகப் போராடும் துணிவும் இன்றி நிற்பது அவர் வழி.

சிறு தொகையைப் பற்றிய வழக்கிலும் ஒருவரது நேர்மை அளக்கப்படுகிறது. செய்தோமாயின் ஒப்புக்கொண்டு செலுத்துவோம். செய்யவில்லையாயின் ஒரு நாள் கெடினும் நின்று மறுப்போம். கல்லூரி வாயிலைக் கடந்து உலகத்துச் சாலையிற் புகும் நம் இளைஞர் இவ்விரண்டுக்கும் வேண்டிய துணிவோடு புகுவாராக.