முப்பது மார்க்கு யார் கையில்?

எழுபதும் முப்பதும் நூறு. கணக்குச் சரிதான். கடை வைத்திருக்கும் தோழரும் சொல்லுவார், தறி ஓட்டும் தோழரும் சொல்லுவார். ஆனால் இந்த நூறில் எழுபதைப் பரீட்சைத் தாளில் எழுதிப் பெறவேண்டும். மீதி முப்பதை, மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருப்பவர்கள் மனம் வைத்துக் கொடுக்கவேண்டும். எழுதிப் பெறுவதற்குப் பெயர் உழைப்பு. மனம் வைத்துக் கொடுப்பதற்குப் பெயர் நேர்முகத் தேர்வு!

முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு மனுப் போடுகிற மாணவனை அளப்பதற்குப் பல்கலைக் கழக மானியக் குழு 2022-ஆம் ஆண்டு விதிகளில் வைத்த அளவுகோல் இது. பல்கலைக் கழகமே நடத்தும் நுழைவுத் தேர்வுக்கு எழுபது பங்கு. நேர்முகத்துக்கு முப்பது பங்கு. 2024-ல், 'நெட்' தேர்வின் மார்க்கைக் கொண்டே ஆராய்ச்சிக்குச் சேரலாம் என்று அறிவித்தார்கள். தேர்வு மாறியது, முப்பது மாறவில்லை.

'நெட்' தேர்விலே மேல்வரிசையில் தேறி, ஆராய்ச்சி உதவித் தொகைக்கே உரியவனாகிறானே ஒருவன், அவனுக்கு என்ன சலுகை என்று கேட்பீர்கள். அவனுக்கு நேர்முகம் மட்டுமே! எழுத்திலே முந்தி வந்தவன், எழுதிய மார்க்கை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போகவேண்டும். நன்றாகப் படித்தவனுக்கு டில்லி தருகிற பரிசு, தோழர்களே, நூற்றுக்கு நூறும் மேசைக்காரர் கையில்!

"ஆலைச் சங்கு ஊதினால் ஓடுகிற நமக்கு ஆராய்ச்சிப் படிப்பு விவகாரம் எதற்கு?" என்று கேட்கும் தோழர் இருப்பார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். உம் மகன் படிக்கும் கல்லூரியில் பாடம் சொல்பவர் யார்? அவன் விடைத்தாளைத் திருத்துபவர் யார்? வரலாற்றுப் புத்தகத்தில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்ப்பவர் யார்? கீழடி மண்ணிலே கிடைத்த பானை ஓட்டுக்குப் பொருள் சொல்பவர் யார்? நாளைக்கு அந்த நேர்முக மேசைக்குப் பின்னால் அமரப் போகிறவர்தாம் யார்? பேராசிரியர்! இணைப் பேராசிரியராகவும் பேராசிரியராகவும் உயர முனைவர் பட்டம் வேண்டும். இன்றைக்கு வாசலிலே தடுத்து நிறுத்தப்படுகிறவன், என்றைக்கும் அந்த நாற்காலிக்கு வரமாட்டான். இன்று மனுதாரர் வரிசையில் நடக்கும் வடிகட்டல், இருபது ஆண்டுக்குப் பிறகு பேராசிரியர் வரிசையாக நம் முன்னால் வந்து நிற்கும்.

இந்த முப்பது என்ன செய்யும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருவர் மனுப் போடுகிறார்கள். ஒருவன் நெசவாளி மகன். எழுபதுக்கு அறுபது எழுதியிருக்கிறான். மற்றொருவன் பங்களாப் பிள்ளை, எழுதியது நாற்பத்தைந்து. நேர்முகத்தில் நெசவாளி மகனுக்கு மூன்று மார்க்கு. பங்களாப் பிள்ளைக்கு இருபத்தேழு. கூட்டுங்கள். நெசவாளி மகன் அறுபத்து மூன்று; பங்களாப் பிள்ளை எழுபத்திரண்டு. எழுத்திலே பதினைந்து மார்க்கு முந்தியவன், பேச்சினாலே மொத்தத்தில் ஒன்பது மார்க்கு பிந்தி வெளியே நிற்கிறான்!

அதே இருவர், அதே திறமை. ஆனால் எழுத்துக்கு எண்பத்தைந்து, நேர்முகத்துக்குப் பதினைந்து என்று பங்கை மாற்றிப் போடுங்கள். நெசவாளி மகனுக்கு ஏறத்தாழ எழுபத்து நான்கு வரும், மற்றவனுக்கு அறுபத்தெட்டு. இப்போது நெசவாளி மகன் உள்ளே! மேசைக்காரர்கள் எவ்வளவு ஓரவஞ்சனை செய்தாலும் அவனை வீழ்த்த முடியவில்லை. பதினைந்துக்கும் முப்பதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அது ஒரு குடும்பத்தின் முதல் பேராசிரியருக்கும், அந்தக் குடும்பத்தின் இன்னொரு தறிக்காரனுக்கும் உள்ள வித்தியாசம்.

"இது உங்கள் கற்பனை. மேதாவிகள் அமர்ந்த மேசையில் ஓரவஞ்சனையா?" என்று சிலர் புருவம் நெரிப்பர். டில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக் கழகத்துக்கு அழைத்துப் போவோம் அவர்களை. மாணவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, அங்கே அப்துல் நஃபே தலைமையில் ஒரு குழு அமைந்தது. அது சில ஆண்டுகளின் சேர்க்கை மார்க்குகளை எடுத்து, எழுத்துத் தேர்வு மார்க்கையும் வாய்மொழித் தேர்வு மார்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி சமூகப் பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டது; பாகுபாட்டுக்கு அது அறிகுறி என்று கண்டது. 2016-ல், வாய்மொழித் தேர்வின் முப்பதைப் பதினைந்தாகக் குறையுங்கள் என்று பரிந்துரைத்தது. சொன்னது கழகமல்ல, கருஞ்சட்டைக்காரரல்ல. அந்தப் பல்கலைக் கழகத்தின் சொந்தக் குழு!

முப்பது பதினைந்தாயிற்றா? இல்லை, தோழர்களே. நூறாயிற்று! அதே 2016-ல் மானியக் குழு புது விதி கொண்டுவந்தது. எழுத்துத் தேர்வில் ஐம்பது விழுக்காடு எடுத்தால் நேர்முகத்துக்கு வரலாம். அதற்குமேல் எழுத்து மார்க்குக்கு மதிப்பில்லை. இடம் கிடைப்பதும் கிடைக்காததும் நேர்முகத்தில். நோய் இன்னதென்று வைத்தியர் சொன்னார். நோயையே மருந்தாகக் கொடுத்தார்கள்! 2017-ல் நேருப் பல்கலைக் கழகத்தில் ஆயிரத்துக்கு மேலிருந்த ஆராய்ச்சி இடங்களும் இருநூறுக்குக் கீழே இறங்கின. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்து வருவோருக்கு அங்கே கொடுக்கப்பட்டு வந்த கூடுதல் புள்ளிகளும் ஆராய்ச்சிச் சேர்க்கையில் நின்றுபோயின.

அந்த ஆண்டு மார்ச்சு மாதம், சேலத்திலிருந்து போய் அந்தப் பல்கலைக் கழகத்தில் இடம் பெற்றிருந்த தாழ்த்தப்பட்ட குடும்பத்து மாணவர் ஒருவர் மாண்டு போனார். அதற்குச் சில நாள் முன்புதான், ஆராய்ச்சிச் சேர்க்கையில் சமத்துவமில்லை, வாய்மொழித் தேர்வில் சமத்துவமில்லை என்று எழுதியிருந்தார். அவர் எழுதியதைப் படிக்க நாட்டுக்கு நேரம் கிடைத்தது, அவர் போன பிறகு.

மாணவர்கள் வழக்காடினர். 2018-ல் டில்லி உயர்நீதி மன்றம், நூற்றுக்கு நூறும் நேர்முகம் என்ற விதி செல்லாது என்றது. மானியக் குழுவும் அந்த ஆண்டு விதியைத் திருத்தி, எழுபது–முப்பது என்று வைத்தது. நூறை முப்பதாக்கியது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் திருடன் வீட்டையே கொண்டுபோனான், கூச்சலிட்டதும் கூரையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தான் என்றால், அவனுக்கு மாலை போடுவதா?

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்போம். "ஆராய்ச்சி என்பது மனப்பாடமல்ல, கேள்வி கேட்டுத்தான் ஒருவன் சிந்தனையை அறியமுடியும்" என்கிறார்கள். கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. எந்தப் பொருளை ஆராயப்போகிறான், என்ன நூல் படித்தான், எந்த வழியில் போவான் — கேட்கவேண்டிய கேள்விகள்தாம். ஒரு பேராசிரியர் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும்தான் நெறியாளராக இருக்கலாம் என்பது விதி. இருக்கும் இடம் சொற்பம். பேசிப் பார்த்து எடுக்க நினைப்பது இயற்கை. ஆனால் பேசிப் பார்ப்பது வேறு, பேச்சுக்கு முப்பது கொடுப்பது வேறு. நுனி நாக்கு ஆங்கிலமும், தகப்பனார் உத்தியோகமும், பெயருக்குப் பின்னால் ஒட்டிய வாலும் சிந்தனையின் அடையாளமாக எண்ணப்படும் நாட்டில், முப்பது என்பது மிகப் பெரிய ஆயுதம்.

நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியற் கல்லூரியில் எழுத்துக்கு நூறு, பேட்டிக்கு ஐம்பது என்று வைத்திருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடப் பேட்டி. கேட்டதோ தகப்பன் யார், குடியிருப்பு எங்கே என்பன போன்றவை. அஜய் ஹாசியா வழக்கு என்று பெயர். 1980-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், பேட்டிக்கு நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் வைப்பது தான்தோன்றித்தனம் என்றார்கள். பேட்டியை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் சொன்னார்கள். கல்லூரி மாணவனுக்குப் பதினைந்தே எல்லையென்றால், அவனைவிட அதிகம் எழுதித் தன்னை நிரூபித்த ஆராய்ச்சி மாணவனுக்கு முப்பது எதற்கு? 1980-ல் நீதிமன்றம் பதினைந்து என்றது. 2016-ல் நஃபே குழு பதினைந்து என்றது. டில்லிக்கு மட்டும் எண் மறந்துபோகிறது!

நம் மாநிலத்திலும் 1970-ல் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் பேட்டிக்கு எழுபத்தைந்து மார்க்கு இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. மறைக்க வேண்டியதில்லை. அந்தப் பாதையை விட்டு வந்தோம் என்பதுதான் பெருமை. 2006-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வே வேண்டாமென்று சட்டம் செய்தோம். பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கு, இட ஒதுக்கீட்டுப் பட்டியல், கலந்தாய்வு. முகம் பார்க்கும் மேசையில்லை. அப்படிச் சேர்ந்த குப்பன் மகனும் சுப்பன் மகளும் கட்டிய பாலம் எதுவும், நேர்முகம் இல்லாத குறையால் இடிந்துவிடவில்லை!

மனு என்றதும் ஒரு பழைய மனு நினைவுக்கு வருகிறது. போடாத மனு! 1928 முதல் சென்னை மாகாணத்தில் நடைமுறையிலிருந்த வகுப்புவாரி உத்தரவை எதிர்த்து 1950-ல் வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன் அம்மையார், மருத்துவக் கல்லூரியில் சேர மனுவே போட்டதாகத் தெரியவில்லை என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஆனாலும் 1951 ஏப்ரலில் உத்தரவு செல்லாதென்று ஆயிற்று. பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தது. அதே ஆண்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. மனுப் போடாதவருக்கு அன்று நீதிமன்றத்தின் கதவு திறந்தது. மனுப் போட்டு, தேர்வெழுதி, மார்க்கும் வாங்கிய நம் பிள்ளைக்குப் பல்கலைக் கழகத்தின் கதவு திறக்க இன்னும் எத்தனை திருத்தம் வேண்டும்?

ஆகவே நாம் கேட்பது ஐந்து. நேர்முகத்துக்குப் பதினைந்துக்கு மேல் கூடாது. உதவித் தொகைக்குத் தேறியவனுக்கும் எழுத்து மார்க்கைச் சேர்த்தே கணக்கிடவேண்டும். எழுத்து மார்க்கையும் நேர்முக மார்க்கையும் தனித்தனியே, எல்லோருக்கும் ஒரே நாளில் வெளியிடவேண்டும். நேர்முகத்தைப் பதிவு செய்யவேண்டும். மேசையில் தாழ்த்தப்பட்ட, பிற்படுத்தப்பட்ட பேராசிரியரும் அமரவேண்டும். நேர்மையாக நடப்பவருக்கு இதில் நட்டம் ஒரு காசில்லை.

டில்லி கேட்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருப்பதா? கூடாது. உம் ஊர்ப் படிப்பகத்துக் கரும்பலகையில் சினிமாச் செய்தி எழுதுகிறீர்களே, அதன் பக்கத்தில் ஆராய்ச்சிச் சேர்க்கைக்குக் கடைசித் தேதியையும் எழுதுங்கள். எம்.ஏ., எம்.எஸ்ஸி. முடித்த நம் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோ இருந்தால், சங்க அலுவலகத்தில் மேசையைப் போட்டு, படித்த தோழர்கள் நான்கு பேர் எதிரே அமர்ந்து, சரமாரியாகக் கேள்வி கேட்டுப் பழக்குங்கள். மேடையேறிப் பழகிய இயக்கத்துக்கு இது தெரியாத வித்தையா? இடம் கிடைக்கவில்லையென்றால், அழுதுகொண்டு ஊர் திரும்பவேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மத்தியப் பல்கலைக் கழகமென்றால் கட்டணம் பத்து ரூபாய். எழுத்தில் எனக்கு எவ்வளவு, நேர்முகத்தில் எவ்வளவு, என்னை முந்தியவருக்கு எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் குப்பைத் தொட்டி; ஓராயிரம் பேர் கேட்டால் அதுவே அடுத்த நஃபே குழு!

எழுபதை நம் பிள்ளைகள் எழுதி வாங்குவார்கள். அந்த ஆற்றலை யாரும் நமக்குப் பிச்சை போடவில்லை. மீதி முப்பதிலே பாதியைப் பிடுங்கி எழுத்தின் பக்கம் சேர்ப்பது, அரசியலின் வேலை. அது நம் வேலை.