பக்கவாத்தியம் என்கிற பொய்

இரும்புலியூரில் எங்கள் தெருவில் ஒரு பாஸ் கிதார்காரர் இருந்தார். கோயில் திருவிழா ஆர்க்கெஸ்ட்ராவில் தொடங்கியவர். பிறகு பல வருஷம் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்துக் கோடம்பாக்கம் போய், ஒலிப்பதிவில் வாசித்துவிட்டு, இருட்டின பிறகு திரும்புவார். ஒருநாள் டீக்கடை ரேடியோவில் ஒரு பாட்டு வந்தது. 'தம்பி, அடியில் ஒண்ணு போகுதே, அது நான்' என்றார். அவர் சொல்கிறவரை அந்த அடி என் காதில் விழுந்ததில்லை. இசைத்தட்டின் உறையைத் தேடிப் பார்த்தேன். படம், கம்பெனி, கவிஞர், பாடகர், இசையமைப்பாளர் எல்லாம் இருந்தன. அவர் இல்லை.

நம் விமர்சகர்களின் செவியும் இந்த உறை மாதிரிதான். சினிமாப் பாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் வரிகளைப் பதம் பிரிப்பார்கள்; அலுத்தால் இசையமைப்பாளரை மேதை என்று கும்பிடுவார்கள். கிதாரை நீக்கிவிட்டு 'இளைய நிலா'வை (1982) நினைத்துப் பார்க்க முடியுமா? வாசித்தவர் ஆர். சந்திரசேகர். டிரம்ஸுக்குப் புருஷோத்தமன், கீபோர்டுக்கு விஜி மானுவல், கிதாருக்குச் சதானந்தம், பாஸுக்குச் சசிதரன்: இளையராஜாவின் தாளைச் சப்தமாக்கிய கைகள் இவை. ஸ்வரம் அவருடையது, சந்தேகமில்லை. ஆனால் நரம்பை அழுத்துகிற விரலின் கனத்தை எந்தத் தாளிலும் எழுதிவைக்க முடியாது.

சாதியும் படிநிலையும் ஊறிய சபாக் கச்சேரியில்கூட மிருதங்கக்காரரின் பெயர் நோட்டீஸில் உண்டு. நவீனம் என்று நாம் கொண்டாடின ஒலிப்பதிவுக்கூடம் அந்தக் குறைந்தபட்ச மரியாதையையும் கழற்றிப் போட்டது. 1990களில் ஏ. ஆர். ரஹ்மானின் ஒலிநாடா உறைகளில் வாசித்தவர்களின் பெயர்களும் அச்சாயின. வானம் இடிந்து விழவில்லை.

பெயர்தான் காசுக்கும் ஆதாரம். 2012ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளரோடு நிகழ்த்துகிறவனுக்கும் உரிமத்தொகையில் வழி வைத்திருக்கிறது. எங்கும் பதிவாகாதவன் எதைக் காட்டிக் கேட்பான்? அதற்குள் வேலையும் போயிற்று. 1980களின் நடுவிலேயே சீக்வென்சர் கோடம்பாக்கத்துக்குள் நுழைந்துவிட்டது, அப்புறம் கணினி. பத்துப் பேர் உட்கார்ந்த இடத்தில் ஒரு பெட்டி உட்கார்ந்தது.

எங்கள் தெருக்காரர் செத்துப்போனார். பாட்டு இன்னும் ஓடுகிறது. யார் பாடினது என்று கேட்கிறார்கள், யார் இசை என்று கேட்கிறார்கள். அடியில் போவது யார் என்று கேட்கிற ஒரு விமர்சனம் முதலில் தமிழில் வரட்டும். மேதைகளைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம்.