ஒரு கையெழுத்துதானே!

மாடி வீட்டுத் தம்பி போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வந்து உட்கார்ந்தார். ஐ.டி. கம்பெனி ஆசாமி. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினோரு மணிக்கு முன்னால் அவர் முகத்தை நாங்கள் பார்த்ததே கிடையாது. விஷயம் பெரிசு என்று அப்போதே புரிந்துவிட்டது.

"அங்கிள், கூட வேலை பார்க்கிற ஃப்ரெண்டு பேங்க்ல மூணு லட்சம் லோன் போடறான். தங்கச்சி கல்யாணம். ஜாமீன் கேக்கறான். ஒரு கையெழுத்துதானே... போட்டுடலாமா?"

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. 'ஒரு கையெழுத்துதானே' என்கிற வார்த்தை எங்கள் வீட்டில் ரொம்பப் பிரசித்தம்.

1994-ல் நானும் அதைத்தான் சொன்னேன். எங்கள் ஆபீஸ் ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கினால் சக ஊழியர்கள் இரண்டு பேர் ஜாமீன் போட வேண்டும். பக்கத்து சீட்டு நண்பன் முப்பதாயிரம் ரூபாய்க்கு விண்ணப்பித்தான். ஏழு வருஷமாக மத்தியானச் சாப்பாடு ஒன்றாகச் சாப்பிடுகிறவன். என் டப்பாவின் உருளைக்கிழங்கு அவனுக்கு, அவன் டப்பாவின் வத்தக்குழம்பு எனக்கு என்று எழுதாத ஒப்பந்தம். அப்படிப்பட்டவன் கேன்டீன் மேஜையில் ஃபாரத்தை நீட்டியபோது நான் படித்துக்கூடப் பார்க்கவில்லை. படித்தால், 'இவன் நம்மைச் சந்தேகப்படறான்' என்று நினைத்துவிடுவானோ என்று கூச்சம். சாம்பார் படாத இடமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு ஜாக்கிரதை நான்!

ஒன்றரை வருஷத்தில் அவன் வேலையை விட்டுவிட்டு பனியன் வியாபாரம் பண்ணப் போய்விட்டான். இன்னொரு ஜாமீன்தாரர் அதற்குள் ரிட்டயர்டு ஆகிவிட்டார். மிஞ்சியது நான். மாதம் 650 ரூபாய், 36 மாதம், என் சம்பளத்தில் பிடித்தம். என் சம்பளம் அப்போது நாலாயிரத்துச் சொச்சம்.

சங்கத்துச் செயலாளரிடம் போய்ச் சண்டை போட்டேன். "வாங்கினவன் உயிரோடதானே சார் இருக்கான்? முதல்ல அவனைப் பிடிங்க!" அவர் நிதானமாக வெற்றிலையை மென்றுவிட்டு, "உங்களைப் பிடிக்கிறது சுலபம் சார்" என்றார்.

சட்டமும் அதையேதான் சொல்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 128-வது பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன்காரனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. 'முதலில் அவனிடம் வசூல் பண்ணப் பார், அப்புறம் என்னிடம் வா' என்றெல்லாம் சொல்ல முடியாது. பீகாரில் ஒரு வங்கி போட்ட வழக்கில் 1968-லேயே சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கட்டின பணத்தை அவனிடம் திருப்பிக் கேட்க 145-வது பிரிவு வழி விடுகிறது, வாஸ்தவம். அதற்கு வக்கீல் வைத்துத் திருப்பூருக்கும் கோர்ட்டுக்கும் அலைகிற செலவை யார் கொடுப்பது? அதற்கு ஒரு பிரிவும் காணோம்.

கையெழுத்தின் மகிமையை நம்மவர்கள் எப்பவோ தெரிந்து வைத்திருக்கிறார்கள். பெரியபுராணத்தில் சுந்தரர் மணமேடையில் இருக்கும்போது ஒரு கிழவர் ஓலையோடு வந்து நிற்கிறார். 'உன் தாத்தா எழுதிக் கொடுத்தது. நீ எனக்கு அடிமை' என்கிறார். சுந்தரர் கோபத்தில் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. அது நகலாம், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் பத்திரமாக இருக்கிறதாம். அங்கே சபை கூடுகிறது. தாத்தாவின் பழைய எழுத்தை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பொருந்திவிட்டது. கேஸ் குளோஸ்.

வந்தவர் சிவபெருமான் என்பதால் சுந்தரருக்கு நல்லபடியாக முடிந்தது. நமக்கு வருகிறவர் ரெகவரி ஏஜெண்ட்.

என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. 'ஓவர்டைம் குறைச்சுட்டாங்க' என்று மூன்று மாதம் ஓட்டினேன். நாலாவது மாதம் சட்டையைத் துவைக்கப் போடும்போது பே ஸ்லிப் கிடைத்துவிட்டது. அவள் கத்தவில்லை. "பணம் போனது போகட்டுங்க. எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று மட்டும் கேட்டாள். அந்த வருஷம் பெண்ணைப் பாட்டு கிளாஸில் சேர்ப்பதாக இருந்தோம். சேர்க்கவில்லை. அடுத்த வருஷமும் முடியவில்லை. அப்புறம் அவளுக்கே ஆசை போய்விட்டது.

2009-ல் ஒரு கல்யாணத்தில் அவனைப் பார்த்தேன். தொந்தி போட்டு, முடி நரைத்து, பந்தியில் உட்கார்ந்திருந்தான். என்ன செய்தேன் தெரியுமா? சட்டென்று தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பணம் கொடுக்க வேண்டியவன் நிம்மதியாக ரசம் சாதம் சாப்பிடுகிறான், நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன்! அவன் கை கழுவிவிட்டுப் போகிற வரைக்கும் செருப்பைத் தேடுகிற மாதிரி வாசலில் நின்றேன். பார்த்திருந்தால் அவன் முகம் சுருங்கும், அதை நான் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயமோ என்னவோ.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்ப போட வேண்டாம்ங்கறீங்க" என்று எழுந்தார் தம்பி.

அதுதான் என்னால் சொல்ல முடியவில்லை. 1987-ல் எனக்குக் கிடைத்தது கேஷ் சம்பந்தப்பட்ட வேலை. ஜாமீன் பத்திரம் கேட்டார்கள். எங்கப்பாவுக்குச் சொத்து கிடையாது. ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வீட்டு வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா பாதி சொல்லும்போதே அவர், "பேனா இருக்கா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை, இந்த வீடு இல்லை. அதற்கப்புறம் நான் ஊருக்குப் போகிறபோதெல்லாம் அப்பா 'சாப்பிட்டியா' என்று கேட்பதற்கு முன்னால், "கணக்கு சரியா இருக்காடா? வாத்தியார் பேர் அங்க இருக்கு" என்பார்.

எனவே தம்பியிடம் ஒன்று கேட்டேன். "அந்த மூணு லட்சத்தை அவருக்கு நீங்க சும்மாவே கொடுக்க முடியுமா? கொடுத்துட்டு மறந்துட முடியுமா?"

"ஐயோ அங்கிள், நானே ஃப்ளாட் வாங்க லோன் போடலாம்னு இருக்கேன்."

"அப்ப இதையும் கேட்டுக்கங்க. நீங்க ஜாமீன் போட்ட கடன் உங்க சிபில் ரிப்போர்ட்லயும் ஏறும். அவர் தவணை தவறினா உங்க ஸ்கோரும் அடிபடும். உங்க லோனைப் பரிசீலிக்கும்போது அதையும் பார்ப்பாங்க. சும்மா கொடுக்க முடிஞ்சது எவ்வளவோ, அதைக் கொடுங்க."

தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு திரும்ப வந்தார். ஜாமீன் போட முடியாது என்று சொல்லி, கல்யாணச் செலவுக்கு இருபத்தையாயிரம் கொடுத்தாராம். நண்பர் வாங்கிக்கொண்டாராம். ஆனால் முகம் மாறிவிட்டதாம்.

"நாலு நாளா பேசலை அங்கிள்."

"கோபம் இருக்கத்தான் செய்யும். அஞ்சாம் நாள் பேசிடுவார், பாருங்க" என்றேன் தெம்பாக.

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "ஏங்க, உங்க ஃப்ரெண்டு எத்தனையாம் நாள் பேசினார்?"

நான் டி.வி.யைப் போட்டேன்.