யாருக்கு என்ன நஷ்டம்?

அழகான ஒரு பொய்யைப் பொய் என்று சொன்னால் பலருக்குக் கோபம் வந்துவிடுகிறது. "இருந்துவிட்டுப் போகட்டுமே ஐயா! இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கிறார்கள். கேட்பதற்கு இது பெருந்தன்மை மாதிரி இருக்கிறது. எனக்கென்னவோ இது வெறும் சோம்பல் என்றே தோன்றுகிறது. நஷ்டப்பட்டவன் யார் என்று பழைய காகிதங்களைப் புரட்டித் தேட மனமில்லாதவர்கள் கேட்கிற கேள்வி இது.

அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்துக்கு எழுதப்பட்ட சரித்திரத்தைப் பாருங்கள். கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லத்தக்க ஆட்டம் அது. மட்டையால் பந்தை அடித்துவிட்டு, நான்கு முனைகளையும் தொட்டு ஓடி வரவேண்டும். அதைத் தங்கள் தேசத்தின் சொந்தக் குழந்தை என்று அவர்கள் கொண்டாடுகிறார்கள். தாராளமாகக் கொண்டாடட்டும். அந்தக் குழந்தைக்கு ஜாதகம் கணித்த விதம்தான் விசித்திரமானது.

ஹென்றி சாட்விக் என்பவர் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பத்திரிகையாளர். இங்கிலாந்துச் சிறுவர்களின் 'ரவுண்டர்ஸ்' விளையாட்டிலிருந்துதான் பேஸ்பால் வந்தது என்று அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஆல்பர்ட் ஸ்பால்டிங்குக்கு இது பொறுக்கவில்லை. அவர் பழைய ஆட்டக்காரர். பிறகு பந்தும் மட்டையும் விற்றுப் பெரும் பணக்காரரானவர். 1905-ல் அவருடைய முயற்சியால் ஒரு கமிஷன் அமைந்தது. ஆப்ரஹாம் மில்ஸ் அதன் தலைவர். 1907 டிசம்பரில் தீர்ப்பு வந்தது: 1839-ல், நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில், ஆப்னர் டபுள்டே என்பவர் இந்த ஆட்டத்தைச் சிருஷ்டித்தார்!

ஆதாரம் என்ன தெரியுமா? எழுபது வயதைக் கடந்த ஆப்னர் கிரேவ்ஸ் என்ற ஒருவரின் ஞாபகம். 1839-ல் அவருக்கு வயது ஐந்து. அந்த வருஷம் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர். பின்னால் உள்நாட்டுப் போரில் தளபதியாகப் புகழ் பெற்று, போரைப் பற்றிப் புத்தகங்களும் எழுதியவர், 1893-ல் இறக்கும்வரை "பேஸ்பாலைக் கண்டுபிடித்தவன் நான்" என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. பாவம், கமிஷன் அமைந்தபோது மறுத்துச் சொல்ல அவர் உயிரோடும் இல்லை.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். அழகான சிற்றூர், பின்னாளில் வீரனாகப் போகிற இளைஞன், மண்ணில் குச்சியால் கோடு கிழித்து ஆட்டத்துக்கு விதி வகுக்கும் காட்சி - எனக்கும் இப்படியெல்லாம் எழுத ஆசைதான். ஆனால் நான் அட்டையில் 'நாவல்' என்று அச்சிட்டுவிடுவேன். அவர்கள் 'சரித்திரம்' என்று அச்சிட்டார்கள். அதை நம்பி 1939-ல் அதே கூப்பர்ஸ்டவுனில் ஆட்டத்துக்கு ஒரு மண்டபமும் காட்சிசாலையும் திறந்தார்கள்; நூற்றாண்டு விழா என்று தபால்தலையும் போட்டார்கள்.

பொய்யை உடைத்தவர்கள் வீரர்கள் அல்ல. நூலகத்துத் தூசியில் உட்கார்ந்திருந்தவர்கள். நியூயார்க் பொது நூலகத்தில் வேலை பார்த்த ராபர்ட் ஹெண்டர்சன், பழைய புத்தகங்களைக் கொண்டே கமிஷனின் தீர்ப்பைக் கவிழ்த்து 1947-ல் ஒரு நூல் வெளியிட்டார். 1744-ல் லண்டனில் ஜான் நியூபெரி பதிப்பித்த குழந்தைகள் புத்தகத்திலேயே 'பேஸ்-பால்' என்ற பெயர் இருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் 'நார்த்தாங்கர் அபே' நாவலின் கதாநாயகி சிறுமியாக இருக்கும்போது பேஸ்பால் ஆடுகிறாள். 2004-ல் மாசசூசெட்ஸின் பிட்ஸ்ஃபீல்டு ஊரின் பழைய ஏடுகளிலிருந்து 1791-ம் வருஷத்து உத்தரவு ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. புதிய சபைக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடிகளைக் காப்பதற்காக, எண்பது கஜத்துக்குள் பேஸ்பால் முதலிய ஆட்டங்களை ஆடக்கூடாது என்கிறது அந்த உத்தரவு. டபுள்டே பிறப்பதற்கு முன்பே அமெரிக்கப் பையன்களுக்குப் பயந்து ஊர்ப் பெரியவர்கள் சட்டம் போட்டிருக்கிறார்கள்! எந்தக் கமிஷனின் கற்பனைக்காவது இந்த ரசம் உண்டா?

காகிதம் சாட்விக்குக்கும் தலையாட்டிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். 'ரவுண்டர்ஸ்' என்ற பெயர் அச்சில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே 'பேஸ்-பால்' வந்துவிட்டது என்று டேவிட் பிளாக் 2005-ல் எடுத்துக் காட்டினார். மகன் என்று சாட்விக் சொன்னது தகப்பனாகவோ தமையனாகவோகூட இருக்கலாம்.

அதற்காகக் காகிதத்துக்குக் கற்பூரம் காட்டச் சொல்கிறேனா? இல்லை. "ஏட்டில் இல்லாதது நடக்கவே இல்லை" என்று சாதிக்கிற பண்டிதர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. யாருடைய ஏடு என்று முதலில் கேளுங்கள். 1969-ல் எவை 'பெரிய லீக்' என்று தீர்மானிக்க ஒரு கமிட்டி கூடியது. நிறவெறியால் வெளியே தள்ளப்பட்ட கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கென நடத்திய 'நீக்ரோ லீக்'குகளை அது பொருட்படுத்தவே இல்லை. அதிகாரபூர்வமான புத்தகத்தில் அவர்கள் இல்லை. ஆகவே அவர்கள் ஆடவில்லை!

ஆனால் கறுப்பின மக்கள் நடத்திய 'சிகாகோ டிஃபெண்டர்', 'பிட்ஸ்பர்க் கூரியர்' போன்ற பத்திரிகைகளில் அவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் அந்த ஆட்ட விவரங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூட்டினார்கள். 2020-ல்தான் அந்த லீக்குகளுக்குப் பெரிய லீக் என்ற அந்தஸ்து கிடைத்தது. 2024-ல் கணக்குகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டபோது, ஆயுள் முழுவதுக்குமான மட்டையடிச் சராசரியில் முதலிடம் டை காப் என்ற வெள்ளையரிடமிருந்து ஜாஷ் கிப்சனிடம் போயிற்று. காப் .367, கிப்சன்.372.

கிப்சன் இறந்தது 1947 ஜனவரியில். ஜாக்கி ராபின்சன் நிறத்தடையை உடைத்துக்கொண்டு பெரிய லீக்கில் இறங்கியது அதே வருஷம் ஏப்ரலில். மூன்று மாதம்! எழுபத்தேழு வருஷங்களுக்குப் பின் கிடைத்த முதலிடத்தை அந்த மனிதன் எங்கே வந்து வாங்கிக்கொள்வான்?

இன்னொரு கணக்கும் உண்டு. பேஸ்பாலின் சரித்திரத்தைத் தஸ்தாவேஜுகளோடு எழுதிய முன்னோடி என்று ஹெரால்ட் சீமூரைப் புகழ்கிறார்கள். முதல் பாகம் 1960-ல் வந்தது, மூன்றாவது 1990-ல். நூலகம் நூலகமாக அலைந்து குறிப்பெடுத்து, எழுதுவதிலும் பங்குகொண்ட மனைவி டாரதியின் பெயர் அட்டையில் இல்லை. கணவர் மறைந்து பல வருஷங்களுக்குப் பிறகு, 2010-ல்தான் பதிப்பகம் அவரையும் ஆசிரியராக ஒப்புக்கொண்டது. சரித்திரத்தைத் தோண்டி எடுத்தவளையே சரித்திரம் புதைத்து வைத்திருந்தது!

இப்போது சொல்லுங்கள், யாருக்கு நஷ்டம்? ஒரு பொய்க்கு நாற்காலி போட்டால், அதில் உட்கார வேண்டிய ஒருவர் நிற்கிறார். டபுள்டேக்கு மகுடம் சூட்டிய நாட்களில், கண்ணாடியை உடைத்த பிட்ஸ்ஃபீல்டுப் பையன்கள் நின்றார்கள், கிப்சன் நின்றார், டாரதி நின்றார். அவர்களை உட்கார வைத்தது எந்த மேடைப் பேச்சும் இல்லை. பெட்டியைத் திறந்து, மங்கிய அச்சைக் கண்ணைச் சுருக்கிப் படித்த பொறுமைதான்.

இனிக்கிற கதை வேண்டுமா? எங்களிடம் வாருங்கள், நாவலாசிரியர்கள் அதற்காகத்தான் இருக்கிறோம். சரித்திரம் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தால் மட்டும், தயவுசெய்து, "எந்தப் பெட்டியில் பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அதோடு, "எந்தப் பெட்டியை இன்னும் திறக்கவில்லை?" என்றும் கேளுங்கள்.