கேஸ் புக்கில் இருபது, கையில் நான்கு

கிறிஸ்தவ செவிலியர் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும்,



மேற்குத் தாம்பரத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுடையதைப் போன்ற ஒரு பள்ளியில் ஜி.என்.எம். முடித்தவள். கவுன்சில் பதிவில் என் பெயரோடு நர்ஸ், மிட்வைஃப் என்று இரண்டும் உண்டு. முதலாவதைச் சொல்லிக்கொள்ளத் தயக்கமில்லை. இரண்டாவதைப் பார்க்கும்போதெல்லாம் கூசுகிறது.

என் கேஸ் புக்கில் 20 பிரசவங்கள் நானே பார்த்ததாக இருக்கின்றன. உண்மையில் நான் ஏந்திய பிள்ளைகள் நான்கு. பள்ளியின் சொந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் கொஞ்சம். அவர்களும் டாக்டரே பார்க்கட்டும் என்றார்கள். ரயிலேறிப் போன அரசு மருத்துவமனையிலோ ஒரு கட்டிலைச் சுற்றி மூன்று பள்ளிகளின் மாணவிகள். பின்வரிசையில் நின்றவளுக்கு முன்னால் நின்றவளின் கொண்டைதான் தெரிந்தது. மீதி 16-க்கும் டியூட்டர் கையெழுத்துப் போட்டார். அவரை நோவானேன்? அவரும் அப்படிப் படித்து வந்தவர்தானே.

வேலைக்குப் போன இடத்திலும் அதே கதை. டிரிப் போடு, பி.பி. பார், தலை தெரிந்தால் டாக்டருக்குப் போன் அடி. அதோடு என் மருத்துவம் முடிந்தது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கின்றன. பெருமைதான். ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. காரணங்கள் பல. வலியெடுத்தவள் பக்கத்தில் விடியவிடிய உட்கார்ந்து, இடுப்பைத் தடவி, பொறுமை காக்க ஆளில்லாததும் அதில் ஒன்று என்பேன். லேபர் ரூமில் நைட் ட்யூட்டி பார்த்தவர்களைக் கேளுங்கள்.

இதற்காகவே 2018 டிசம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது: பதிவுபெற்ற நர்ஸுக்கு 18 மாதப் பயிற்சி, அப்புறம் சிக்கலில்லாத பிரசவங்களை மருத்துவச்சிகளே நடத்தும் தனிப் பிரிவு. ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை 2011-லேயே இப்படிப் பயிற்சி தரத் தொடங்கிவிட்டது. நான் படித்த பள்ளியில் கேட்டால், “அதற்கெல்லாம் யார் சேருவார்கள்?” என்கிறார்கள்.

விளக்கேற்றும் விழாதோறும் ஐடா ஸ்கடரின் கதையைச் சொல்கிறீர்கள். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்ட கதை. அந்த அம்மையார் வேலூரில் 1909-லேயே செவிலியர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். யாத்திராகமத்தையும் திறந்து பாருங்கள். பிள்ளைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனுக்கு அங்கே பெயரில்லை. கொல்ல மறுத்த மருத்துவச்சிகளுக்கு இருக்கிறது: சிப்பிராள், பூவாள்.

நான் கேட்பது மூன்று. 18 மாதப் பயிற்சியைத் தொடங்குங்கள். பாடம் நடத்தும் டியூட்டர் வாரத்தில் சில நாளாவது லேபர் ரூமில் பிரசவம் பார்க்கட்டும். மாணவி பக்கத்தில் நிற்கட்டும். படித்து முடித்தவளை மறுபடியும் ஐ.சி.யூ.வுக்கு அனுப்பாமல், மருத்துவச்சி என்ற பதவியும் அதற்கேற்ற சம்பளமும் கொடுங்கள்.

யார் சேருவார்கள் என்று கேட்டீர்கள். எனக்கு வயது 41. முதல் விண்ணப்பம் என்னுடையது. அந்த 16 பக்கங்களை இனியாவது உண்மையாக்க வேண்டும்.

இப்படிக்கு,
தாம்பரத்து ஸ்டாஃப் நர்ஸ் ஒருத்தி