உரிமம் யாருக்கு உரியது?

பள்ளிமுனைக் கரையில் வீசும் உப்புக்காற்று வள்ளத்தின் இரும்பை மட்டுமன்று, வீட்டுக் கணினியின் தாய்ப்பலகையையும் அரிக்க வல்லது. பலகையை மாற்றிய பின்னர், விண்டோஸ் தன் உரிமத்தை மீண்டும் உறுதிப்படுத்துமாறு கேட்கின்றது. 2001இல் விண்டோஸ் எக்ஸ்பியுடன் வந்த ஏற்பாடு இது. உரிமம் கணினியின் உறுப்புகளோடு பிணைக்கப்படுகின்றது. தனியே வாங்கிய உரிமம் புதிய பலகைக்கு மாறும். கணினியோடு வந்த உரிமமோ பொதுவாகப் பழைய பலகையோடு முடிந்துவிடும்.

திருட்டுப் பிரதியைத் தடுத்தல் நியாயமே. ஆயினும், வள்ளத்தின் இயந்திரத்தை மாற்றியவரிடம் வலையையும் புதிதாக வாங்கச் சொல்லுதல் முறையாகுமோ? உரிமம் விலை கொடுத்தவருக்கே உரியதாதல் வேண்டும், பலகைக்கு அன்று.

அந்நிலை வருமளவும் நாம் செய்யத்தக்கவை சில உள. விண்டோஸ் 10, 11 உரிமத்தைப் பலகை பழுதாகுமுன்னரே மைக்ரோசொப்ட் கணக்கோடு இணைத்துவிடல் நன்று. கல்லூரிக்குக் கணினி வழங்கும் பழைய மாணவ அன்பர்கள் உரிமத்தின் வகையையும் எழுதிக் கொடுத்தல் வேண்டும். லினக்ஸ், லிப்ரே ஒபிஸ் என்னும் கட்டற்ற மென்பொருள்களையும் மாணவர் பயிலுதல் நலம். பலகை மாறினும் அவை உரிமம் கேட்பதில்லை.

கருவி பழுதாதல் இயல்பு. அதனோடு ஓர் ஏழைப் பிள்ளையின் கல்வியும் நிற்றல் ஆகாது.